அப்பா குடிநோயாளி. எனக்கு எவ்வளவு குடித்தாலும் ஏறுவதில்லை, தம்பிக்கு ஒரு பீரே ஆகவில்லை. ஏன்?

கரிசல்மண்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். வயது 31. கோவையில் வேலை. அப்பா கொத்தனார். 46 வயதில் ஈரல் கெட்டு, வயிற்றில் நீர் கோர்த்து இறந்துபோனார். அப்போது நான் பிளஸ் ஒன், தம்பி ஏழாவது. அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்த்தான் எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தார்.

குடியைத் தொடவே கூடாது என்றுதான் இருந்தேன். கல்லூரி மூன்றாம் வருடம் விடுதியில் ஆரம்பித்தது. அந்த முதல் நாளே நடந்ததைச் சொல்ல வேண்டும். மற்ற பையன்கள் முதல் பீரிலேயே சிரிக்க ஆரம்பித்து, இரண்டாவதில் உளறி, வாந்தியும் எடுத்துவிட்டார்கள். எனக்கு இரண்டு பீர் உள்ளே போயும் ஏதோ கலர் குடித்த மாதிரிதான் இருந்தது. மூன்று பேரைக் கைத்தாங்கலாக அறைக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது நான்தான். அன்றிலிருந்து எனக்கு "டேங்க்" என்று பட்டப்பெயர். இன்றைக்கும் ஒரு கோட்டர் முடித்துவிட்டு ஆடாமல் அசையாமல் பைக் ஓட்டி வீட்டுக்கு வந்துவிடுவேன். மனைவிக்கே வாசனையை வைத்துத்தான் தெரியும். வாரத்தில் இரண்டு நாள் என்று இருந்தது, இந்த வருடம் நான்கு நாள் ஆகிவிட்டது.

போன மாதம் சித்தப்பா மகன் கல்யாணம். தம்பி வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பீர் எடுத்தான். பாதிப் பாட்டிலிலேயே தலை சுற்றுகிறது என்றான். முழுதாக முடிக்கவில்லை, வாந்தி. மறுநாள் மத்தியானம் வரை எழுந்திருக்கவே இல்லை. எல்லோரும் அவனைக் கேலி செய்தார்கள். பெரியப்பா என் தோளைத் தட்டி, "இவனைப் பாருடா, அப்பனுக்குத் தப்பாமப் பொறந்திருக்கான்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு அந்தச் சொல் நெஞ்சில் தைத்துவிட்டது. அன்றிலிருந்து சரியாகத் தூக்கம் இல்லை.

ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே வீடு. எனக்கு ஏறுவதே இல்லை, அவனுக்கு வாசம் பட்டாலே ஆகவில்லை. யாருக்கு ஆபத்து அதிகம், எனக்கா அவனுக்கா? எனக்கு உடம்பு தாங்குகிறது என்றால் அது நல்லதுதானே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

நேர்வழி60

தம்பி, நான் குடியை விட்டு 19 வருடம் ஆகிறது. அதனால் உங்கள் கேள்வியைப் படித்தவுடன் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்கும் அதே கதைதான். பஸ் கண்டக்டராக இருந்தேன். டிப்போவில் என்னோடு உட்கார்ந்தவர்கள் எல்லாம் சாயும்போது நான் நேராக உட்கார்ந்திருப்பேன். கணக்கு ஒரு பைசா பிசகாது. "அண்ணன் கெபாசிட்டியே வேற" என்பார்கள். அந்த வார்த்தைக்காகவே இன்னொரு ரவுண்டு வாங்கிக் குடித்திருக்கிறேன். சாய்ந்தவர்களில் பாதிப் பேர் கல்யாணம், குழந்தை என்று ஆனதும் தானாக நிறுத்திவிட்டார்கள். அவர்கள் உடம்பு அவர்களைத் தடுத்தது. என் உடம்பு என்னை ஒரு நாளும் தடுக்கவில்லை.

பத்து வருடத்தில் காலையில் கை நடுங்கி டிக்கெட் கிழிக்க முடியாத நிலைமைக்கு வந்தேன். ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கும். அப்புறம்தான் டூட்டி.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். குடிக்காத நாளில் காலையில் கை நடுக்கமோ, வியர்வையோ, படபடப்போ இருக்கிறதா? இருந்தால் நீங்களாகவே திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். நான் ஒரு தடவை வைராக்கியமாக நிறுத்தினேன். மூன்றாம் நாள் சுவரெல்லாம் பூச்சி ஊர்வதாகக் கண்ணுக்குத் தெரிந்தது. வீட்டில் பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். வலிப்பு வந்து விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி.

தராசு

நேர்வழி ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் இந்த "அப்பாவுக்கு இருந்தது, அதனால் எனக்கும்" என்ற பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. என் அப்பாவும் குடித்தார். நான் ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை. என் அண்ணன் குடித்தான். யார் புத்தி சொன்னாலும் "எனக்கு ரத்தத்துலயே இருக்கு, நான் என்ன பண்ண" என்பான். அதைச் சொல்லிச் சொல்லியே 39 வயதில் போய்ச் சேர்ந்தான். ரத்தம், மரபணு என்று ஆரம்பித்தால் குடிக்கிறவனுக்கு அது சாக்காகத்தான் போகும்.

இன்னொன்று. 2003 நவம்பரிலிருந்து இங்கே சில்லறை மதுக்கடையையே அரசு நடத்துகிறது. தெருமுனையில் கடையைத் திறந்து வைத்துவிட்டு, பிரச்சினை உன் மரபணுவில் இருக்கிறது என்று சொல்வது நியாயமா?

இரவுப்பணி

நான் அரசு மருத்துவமனை ஒன்றில் மனநலப் பிரிவில் வேலை பார்ப்பவன். கரிசல்மண் கேட்டது நான் புறநோயாளிப் பிரிவில் வாராவாரம் கேட்க விரும்புகிற, ஆனால் யாரும் கேட்காத கேள்வி. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நேராகப் பதில்: உங்கள் தம்பியைவிட உங்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

அமெரிக்காவில் சான் டியாகோவில் மார்க் ஷக்கிட் என்ற மனநல மருத்துவர் 1970களின் கடைசியில் ஓர் ஆய்வு தொடங்கினார். இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள். ஒரு பாதிப் பேருக்கு அப்பா குடிநோயாளி, மறுபாதிக்கு அப்படி இல்லை. யாரும் அதுவரை குடிக்கு அடிமையாகாதவர்கள். எல்லோருக்கும் உடல் எடைக்கேற்ப அளந்து ஒரே அளவு மதுவைக் கொடுத்தார்கள். எவ்வளவு போதையாக உணர்கிறாய் என்று கேட்டார்கள், நிற்கும்போது உடல் எவ்வளவு ஆடுகிறது என்று கருவி வைத்து அளந்தார்கள், ரத்தத்தில் சில ஹார்மோன்களையும் பார்த்தார்கள். குடிநோயாளிகளின் மகன்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேருக்குப் போதை குறைவாகவே தெரிந்தது. மற்றவர்களில் அப்படி இருந்தவர்கள் 10 சதவீதத்துக்கும் குறைவு.

சுமார் பத்து வருடம் கழித்து அவர்களில் 223 பேரைத் திரும்பப் பார்த்து 1994இல் முடிவை வெளியிட்டார். குடிநோயாளிகளின் மகன்களில், இருபது வயதில் போதை குறைவாக உணர்ந்தவர்களில் 56 சதவீதம் பேர் குடிநோயாளி ஆகியிருந்தார்கள். அதே மாதிரி அப்பா இருந்தும் நன்றாகப் போதை உணர்ந்தவர்களில் 14 சதவீதம்தான். உங்கள் வீட்டில் நீங்களும் தம்பியும் எப்படியோ, கிட்டத்தட்ட அப்படித்தான் அந்த இரண்டு கூட்டமும். பெண்களிடமும் இதே போக்கைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

காரணம் சிக்கலானதல்ல. நாம் எல்லோரும் ஏதோ ஓர் உணர்வுக்காகத்தான் குடிக்கிறோம். ஒருவனுக்கு அது ஒரு பீரில் கிடைத்துவிடும். உங்களுக்கு நான்கு தேவைப்படும். நான்கு குடிக்கிறவர்களோடுதான் நீங்கள் உட்காருவீர்கள், ஏனென்றால் ஒரு பீரோடு எழுந்து போகிறவன் உங்களுக்குச் சலிப்பான துணை. வருடங்கள் போகப் போக நான்கு ஆறாகும். இதில் ஈரலுக்கும் மூளைக்கும் போகும் கணக்கு மட்டும் குறைவதில்லை.

இந்த இடத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். "தாங்குகிறது" என்றால் உடம்பு மதுவைச் சீக்கிரம் வெளியேற்றுகிறது என்று நினைக்கிறோம். அந்த ஆய்வில் இரண்டு தரப்புக்கும் ரத்தத்தில் இருந்த ஆல்கஹால் ஒன்றாகவேதான் இருந்தது. உணர்வுதான் குறைவு. புகை வந்தும் அலாரம் அடிக்காத வீடு மாதிரி.

கணக்காகவே சொல்கிறேன். ஒரு கோட்டர் 180 மில்லி. 42.8 சதவீத மது என்றால் அதில் 61 கிராம் தூய ஆல்கஹால். 70 கிலோ எடையுள்ள ஆண் அதை வேகமாகக் குடித்தால் 100 மில்லி ரத்தத்தில் 100 மில்லிகிராமைத் தாண்டிவிடும். மோட்டார் வாகனச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 30 மில்லிகிராம். நீங்கள் ஆடாமல் அசையாமல் பைக் ஓட்டுவதாக நினைக்கிறீர்கள் தம்பி. எதிரே குறுக்கே வரும் குழந்தைக்கு நீங்கள் பிரேக் பிடிக்க எடுக்கும் நேரம் கூடியேதான் இருக்கும். தயவுசெய்து இன்றிலிருந்தே அதை நிறுத்துங்கள்.

இரவுப்பணி

தராசு அவர்களுக்குத் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி மிகச் சரி.

முதலில் மரபு உண்மையா என்பது. டென்மார்க்கில் டொனால்ட் குட்வின் குழுவினர் தத்துப்பிள்ளைகளைத் தேடிப் பார்த்து 1973இல் வெளியிட்டார்கள். பிறந்து ஆறு வாரத்துக்குள் வேறு வீட்டுக்குப் போய்விட்ட பையன்கள். பெற்றவர் குடிநோயாளியாக இருந்த 55 பேரில் 10 பேர் பின்னால் குடிநோயாளி ஆனார்கள். பெற்றவருக்கு அந்த நோய் இல்லாத 78 பேரில் 4 பேர்தான். குடிகார அப்பாவைக் கண்ணால் கூடப் பார்க்காமல் வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். சேர்க்கை, வளர்ப்பு என்று மட்டும் சொல்லி இதைத் தள்ளிவிட முடியாது. இரட்டையர் ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் ஏறக்குறைய பாதிப் பங்கு மரபுக்கு என்றுதான் வருகிறது.

ஆனால் அதே எண்ணைத் திருப்பிப் பாருங்கள். 55 பேரில் 45 பேர் ஆகவில்லை. ஷக்கிட் பார்த்தவர்களில் மிக ஆபத்தான கூட்டத்திலேயே 44 சதவீதம் பேர் அந்தப் பத்து வருடத்தில் ஆகவில்லை. உங்கள் அண்ணன் சொன்ன "நான் என்ன பண்ண" என்பதற்கு அறிவியல் துணை நிற்பதில்லை. கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறும் என்று தெரிந்த வீட்டுக்காரன் அரிசி மூட்டையை மேலே ஏற்றி வைப்பான் இல்லையா, அதுதான் இந்த அறிவின் பயன்.

பினாங்குக்காரன்

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே இது தினமும் கண்ணில் படுகிற விஷயம். என்னோடு வேலை பார்க்கும் சீன நண்பர்களில் சிலர் அரை கிளாஸ் பீர் குடித்தாலே முகம், கழுத்து, காது வரை செக்கச்செவேல் என்று ஆகிவிடும். நெஞ்சு படபடக்கிறது என்று கிளாஸைத் தள்ளி வைத்துவிடுவார்கள். எங்கள் தமிழ்ப் பையன்களில் அப்படி ஒருவரையும் நான் பார்த்ததில்லை. நாங்கள் அவர்களைக் கிண்டல் செய்வோம்.

எங்கள் குடும்பக் கதையும் கேளுங்கள். தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்திலேயே கள்ளுக்கடை இருந்தது. அப்பா காலத்தில் சம்சு வந்தது, மலிவு விலைச் சாராயம். இருவருமே "நிதானம் தவறாதவர்கள்" என்று தோட்டத்தில் பேர் வாங்கியவர்கள். இருவருமே ஐம்பதைத் தாண்டவில்லை. டாக்டர் எழுதியதைப் படித்ததும் அந்த "நிதானம்" என்ற சொல்லை நினைத்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சீனர்களுக்கு முகம் சிவப்பது ஏன், எங்களுக்கு ஏன் இல்லை, சொல்ல முடியுமா டாக்டர்?

இரவுப்பணி

நல்ல கேள்வி, பினாங்கு நண்பரே. அது வேறு வகை உணர்திறன்.

குடித்த மதுவை ஈரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாற்றும். அது நச்சு. அடுத்து ஒரு நொதி (என்சைம்) அதை உடனே அசிட்டேட்டாக மாற்றித் தீங்கில்லாமல் செய்துவிடும். கிழக்காசிய மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்களுக்கு இந்த நொதி பிறவியிலேயே சரியாக வேலை செய்யாது. நச்சு தேங்கும். முகம் சிவக்கும், படபடக்கும், குமட்டும். நம் தென்னிந்திய மக்களிடம் இந்த மரபணு மாற்றம் மிக அரிது. அதனால் கரிசல்மண்ணின் தம்பிக்கு வந்தது பெரும்பாலும் இதுவாக இருக்காது. அவருக்கு மூளையின் உணர்திறன் இயல்பாகவே கூடுதல், அதோடு முதல் அனுபவம், வெறும் வயிறு, வேகமாகக் குடித்தது என்று பலதும் சேர்ந்திருக்கலாம்.

முகம் சிவப்பவர்களைக் கிண்டல் செய்யாதீர்கள், வற்புறுத்தவும் வேண்டாம். அப்படிப்பட்டவர்கள் விடாமல் குடித்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம்.

இப்போது தராசு அவர்கள் கடையைப் பற்றிச் சொன்னதற்கு வருகிறேன். இந்த நொதிக் குறை உள்ளவர்கள் குடிநோயாளி ஆவது அபூர்வம் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். ஜப்பானில் 1979இல் குடிநோயாளிகளிடையே இந்தக் குறை உள்ளவர்கள் 2.5 சதவீதம்தான். 1986இல் 8 சதவீதம். 1992இல் 13 சதவீதம். பதிமூன்று வருடத்தில் யாருடைய மரபணுவும் மாறிவிடாது. மாறியது ஊர். அலுவலகம் முடிந்து மேலதிகாரியோடு உட்கார்ந்து குடித்தே ஆக வேண்டும் என்ற பழக்கம் இறுகியபோது, உடம்பு போட்ட வேலியையும் தாண்டி ஆட்கள் உள்ளே இழுக்கப்பட்டார்கள். பிறவியிலேயே வேலி உள்ளவர்களுக்கே இந்தக் கதி என்றால், கரிசல்மண் மாதிரி வேலியே இல்லாதவர்களுக்குத் தெருமுனைக் கடை என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த விஷயத்தில் நான் முழுக்க உங்கள் கட்சி.

வைகைக்கரை

நான் மதுரை. எனக்கும் அப்பா குடியால்தான் போனார். இதுவரை எங்கேயும் எழுதியதில்லை, இதைப் படித்துவிட்டு எழுதுகிறேன்.

என் அம்மா பட்டது கொஞ்சமில்லை. யாரோ சொன்னார்கள் என்று "குடியை மறக்க வைக்கும் மருந்து" என ஒரு பொடி வாங்கினார். அப்பாவுக்குத் தெரியாமல் காலைக் காபியில் கலந்து கொடுத்தார். அன்று சாயங்காலம் அப்பா குடித்துவிட்டு வந்து, டாக்டர் இப்போது எழுதியிருப்பதைப் போலவே முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்கி, வாந்தி எடுத்து மயங்கி விழுந்தார். ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம். பிழைத்துவிட்டார். ஆனால் அம்மா என்ன கலந்தார் என்பதை ஆஸ்பத்திரியில் கடைசி வரை சொல்லவில்லை. எனக்கு அப்போது 15 வயது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது எனக்கு இரண்டு கேள்வி. நான் குடித்ததே இல்லை. பெண்ணுக்கு இந்தப் பரம்பரை ஆபத்து உண்டா? என் மகனுக்கு 14 வயது. தாத்தா ஹார்ட் அட்டாக்கில் இறந்தார் என்றுதான் அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையைச் சொல்ல வேண்டுமா?

இரவுப்பணி

அம்மா, பதினைந்து வயதுப் பிள்ளை சுமக்கக் கூடாத சுமை அது. உங்கள் அம்மாவையும் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு வேறு வழி யாரும் காட்டவில்லை.

அந்தப் பொடியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிகள் டைசல்பிராம் என்ற மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் வருபவை. மதுவோடு சேர்ந்தால் அது இப்படிச் செய்யும் என்பதை 1940களில் டென்மார்க்கில் கண்டுபிடித்தார்கள். சீன நண்பர்களுக்குப் பிறவியிலேயே வேலை செய்யாத அதே நொதியை இந்த மாத்திரை தடுத்துவிடுகிறது. நோயாளி தெரிந்து, சம்மதித்து, பரிசோதனைகள் செய்துகொண்டு, மருத்துவர் மேற்பார்வையில் எடுத்தால் பலருக்கு உதவுகிற மருந்துதான். தெரியாமல் கலந்து கொடுத்தால் உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அதன் வேலை உடம்பில் இருக்கும். இதைப் படிக்கிற எல்லோரிடமும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: காபியிலோ சாம்பாரிலோ கலக்காதீர்கள். எப்போதாவது கலந்துவிட்டு ஆள் விழுந்தால், என்ன கலந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வேட்கையைக் குறைக்கும் வேறு மருந்துகள் இன்று இருக்கின்றன, நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்றவை. அவற்றையும் மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும்.

உங்கள் முதல் கேள்வி. பெண்களுக்கும் மரபு ஆபத்து உண்டு. நம் ஊரில் பெண்கள் குடிப்பது குறைவு என்பதால் அது வெளியே தெரிவதில்லை. அதோடு ஒரே எடையுள்ள ஆணைவிடப் பெண்ணின் உடலில் நீர் குறைவு. அதே அளவு மது ரத்தத்தில் கூடுதலாக ஏறும். குடிக்காமல் இருக்கும் உங்களுக்கு ஒரு ஆபத்தும் இல்லை. ஆனால் அந்த மரபு உங்கள் வழியாக மகனுக்குப் போயிருக்கலாம்.

அதனால் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: சொல்லுங்கள். அமெரிக்காவில் நடந்த பெரிய கணக்கெடுப்பு ஒன்றை வைத்து 1997இல் வெளியான ஆய்வு இது: 14 வயதிலோ அதற்கு முன்போ குடிக்கத் தொடங்கியவர்களில் 40 சதவீதம் பேர் வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையானார்கள். 20 வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களில் அது சுமார் 10 சதவீதம். தொடங்கும் வயது தள்ளிப்போவது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் உங்கள் மகன் நிற்கும் வயது அது.

வைகைக்கரை

நன்றி டாக்டர். கண்ணீரோடு படித்தேன்.

எனக்குத் தோன்றுவது ஒன்று. பெண் பார்க்க வந்தால் "பையனுக்குக் குடிப்பழக்கம் உண்டா" என்று விசாரிக்கிறோம். சர்க்கரை பரம்பரையாக வரும், ரத்தக்கொதிப்பு வரும் என்றெல்லாம் சாதாரணமாகப் பேசுகிறோம். செத்தவர் குடியால் செத்தார் என்பதை மட்டும் அடுத்த தலைமுறைக்குச் சொல்லாமல் மூடி வைக்கிறோம். என் மகனுக்குத் தாத்தாவின் சர்க்கரை அளவு தெரியும், அவருடைய குடி தெரியாது. மானம் போய்விடும் என்ற பயம்தான், வேறென்ன. இந்த ஞாயிற்றுக்கிழமை அவனோடு உட்கார்ந்து பேசப் போகிறேன். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

நேர்வழி60

மகளே, நான் என் பையனிடம் சொன்னதை எழுதுகிறேன், உதவினால் எடுத்துக்கொள்ளுங்கள். அவனுக்குப் பதினாறு வயது இருக்கும். "எனக்கு வந்தது ஒரு நோய். அது உனக்குள்ளும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். உன் நண்பனுக்கு ஒன்றும் செய்யாத ஒரு கிளாஸ் உன்னை வேறு மாதிரிப் பிடித்துக்கொள்ளலாம். எப்போதாவது ஒரு நாள் குடித்துவிட்டு, எல்லோரும் சாயும்போது நீ மட்டும் சாயவில்லை என்றால், அன்றைக்கு ராத்திரியே எனக்கு போன் பண்ணு, திட்ட மாட்டேன்" என்றேன். இரண்டு வருடம் கழித்து ஒரு ராத்திரி போன் வந்தது. நான் திட்டவில்லை. பஸ் ஏறிப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். இன்றைக்கு அவனுக்கு 29. குடிப்பதில்லை.

இவ்வளவு ஆராய்ச்சி அப்போது எனக்குத் தெரியாது. குடியை விட நினைப்பவர்கள் கூடும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்தில் ஒவ்வொருத்தர் கதையையும் கேட்டுக் கேட்டுத்தான் அந்த ஒரு விஷயம் பிடிபட்டது. முதலில் நன்றாகத் தாங்கியவர்கள்தான் அங்கே நிறைய உட்கார்ந்திருந்தார்கள். குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் கூட்டங்களும் நடக்கின்றன. உங்கள் அம்மா இருந்தால் ஒரு தடவை கூட்டிப் போங்கள்.

தராசு

டாக்டர் எழுதிய ஜப்பான் கணக்கை மூன்று முறை படித்தேன். "ரத்தத்துல இருக்கு" என்று அண்ணன் சொன்னபோதெல்லாம் நான் கத்தியிருக்கிறேன், ஒரு தடவை கை நீட்டியும் இருக்கிறேன். இருக்கலாம்டா, அதனால்தான் உனக்கு வைத்தியம் சீக்கிரம் வேணும் என்று யாராவது அவனுக்கோ எனக்கோ அப்போது சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தோன்றுகிறது. அவன் மகன் இப்போது பாலிடெக்னிக் படிக்கிறான். அவனிடம் பேச வேண்டும்.

இதை வீட்டிலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா? குடிக்க வைத்துப் பார்ப்பதைச் சொல்லவில்லை.

இரவுப்பணி

உண்டு. ஷக்கிட்டே ஓர் எளிய கேள்வித்தாள் செய்திருக்கிறார். ஏற்கெனவே குடித்தவர்களுக்கு மட்டும்தான் அது. வாழ்க்கையில் முதல் ஐந்து தடவை குடித்ததை நினைத்துப் பார்க்கச் சொல்வார்கள். அப்போது ஏதோ மாற்றம் தெரிய எவ்வளவு வேண்டியிருந்தது, தலை சுற்றவோ நாக்குக் குழறவோ எவ்வளவு, நடை தடுமாற எவ்வளவு, நினைவில்லாமல் தூங்கிப்போக எவ்வளவு. மற்றவர்களைவிட அதிகம் வேண்டியிருந்தது என்றால் எச்சரிக்கை. ஏன் முதல் ஐந்து தடவை? ஏனென்றால் பல வருடம் குடித்தால் யாருக்கும் தாங்கும் சக்தி ஏறிவிடும். பழகி வந்ததையும் பிறவியில் வந்ததையும் பிரிக்கத்தான் ஆரம்ப நாளைக் கேட்கிறார்கள். கரிசல்மண் முதல் நாளிலேயே ஏறவில்லை என்று எழுதியிருக்கிறார், கவனித்தீர்களா?

இது ஒன்றே ஜாதகம் அல்ல. வேறு மாதிரியும் இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்த நீண்ட ஆய்வில், போதை ஏறும்போது வரும் துள்ளல் அதிகமாகவும், அப்புறம் வரும் மந்தம் குறைவாகவும் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்று கண்டார்கள். படபடப்பு, மனச்சோர்வு, சிறுவயதில் பட்ட அடிகள் இவற்றாலும் குடிக்குள் போகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு பீரிலேயே ஏறலாம். அதனால் கரிசல்மண்ணின் தம்பி பத்திரம் என்று நான் எழுதித் தர மாட்டேன். கேலிக்குப் பயந்து அவர் பழக ஆரம்பித்தால் அந்த இயற்கையான தடுப்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும்.

தெரிந்துகொள்வதால் பயன் உண்டா என்றால், உண்டு. சான் டியாகோவிலேயே பல்கலைக்கழக முதலாண்டு மாணவர்களுக்கு, உனக்குப் போதை தெரியாமல் இருப்பதே உனக்கு ஆபத்து என்று விளக்கும் காணொளிகளைக் காட்டிப் பார்த்தார்கள். போதை குறைவாக உணரும் மாணவர்களுக்கு அது நன்றாக உதவியது. குடிக்கும் அளவு குறைந்தது.

கரிசல்மண், நேர்வழி ஐயா கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

கரிசல்மண்

மன்னியுங்கள். இரண்டு நாளாக எழுத முடியவில்லை.

ஐயா, கை நடுக்கம் இல்லை. வியர்வையும் இல்லை. ஆனால் குடிக்காத நாளில் ராத்திரி தூக்கம் வருவதில்லை, சின்ன விஷயத்துக்கும் எரிச்சல். இதுவரை அதை வேலைப்பளு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் பேசினேன். தமிழிலேயே பேசினார்கள், அவசரப்படுத்தவில்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். திங்கட்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மனைவியும் வருகிறார். பைக் சாவி இப்போது அவரிடம்தான் இருக்கிறது.

தம்பியிடம் பேசினேன். உன்னைக் கேலி செய்தபோது நானும் சிரித்தேன், அது தப்பு என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் கழித்து "நீ டாக்டர்கிட்டப் போறப்போ நானும் வரவா" என்று கேட்டான்.

அப்புறம் அம்மாவுக்கு போன் செய்தேன். அப்பா ஆரம்பத்தில் எப்படிக் குடிப்பார் என்று இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டேன். நான் நினைத்தது, தள்ளாடி விழுந்து, சண்டை போட்டு என்று. எங்கள் நினைவில் இருக்கும் அப்பா அப்படித்தான். அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கல்யாணம் ஆன புதுசுல உங்கப்பா குடிக்கிறார்னே எனக்கு ரெண்டு வருசம் தெரியாதுப்பா. கூட வேலை பாக்குறவங்க சாரத்துல ஏற முடியாம உக்காந்துருப்பாங்களாம், இவரு மட்டும் மேல நின்னு தூக்குக்குண்டு புடிச்சுக் கட்டுவாராம். ஒரு செங்கல் வெளகாது. மேஸ்திரியே வந்து எங்கிட்டப் பெருமையாச் சொன்னாரு. நானும் சரி, சுவரு கோணாமத்தானே கட்டுறாரு, கொஞ்சம் குடிச்சா என்னன்னு விட்டுட்டேன்."

அந்தச் சுவர் இன்னும் இருக்கிறது. எங்கள் தெருமுனை ரைஸ் மில்லின் மேற்குப் பக்கச் சுவர். திங்கட்கிழமை மருத்துவரிடம் சொல்ல வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். முதல் வரியாக அம்மா சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன்.